அங்கோரில் வீடுகள் எங்கே?

கம்போடியாவுக்குச் சுற்றுலா போய்வந்தவர்கள் காட்டும் படங்களில் எல்லாம் கோயில்தான் இருக்கும். அங்கோர் வாட்டின் கோபுரங்கள் குளத்து நீரில் தலைகீழாகத் தெரியும். தா புரோம் கோயில் சுவரை மரத்தின் வேர் கவ்விப் பிடித்திருக்கும். பாயோனின் பெரிய கல்முகங்கள் லேசாகச் சிரிக்கும். நூறு படம் பார்த்தாலும் ஒரு வீடு கண்ணில் படாது. ஒரு கடைத்தெரு, ஒரு அடுப்படி, ஒரு தாழ்வாரம்? ஊஹூம். ஆனால் அது ஒரு தலைநகரம். 9ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை, சுமார் 600 ஆண்டுகள், கெமர் அரசர்கள் அங்கிருந்துதான் ஆண்டார்கள். அத்தனை கல்லையும் சுமந்தவர்கள், அவர்களுக்குச் சோறு பொங்கியவர்கள், அரசனுக்குக் குடை பிடித்தவர்கள் எல்லாம் பொழுது சாய்ந்ததும் எங்கே போய்ப் படுத்தார்கள்?

கங்கைகொண்டசோழபுரம் போனவர்களுக்கு இந்தப் புதிர் புதிதில்லை. ராஜேந்திர சோழன் எழுப்பிய கோயில் கம்பீரமாக நிற்கிறது. கொஞ்சம் தள்ளி மாளிகைமேட்டில் அவன் அரண்மனையின் செங்கல் அடித்தளம் மட்டும் மிச்சம். அரசனுக்கே அந்தக் கதி என்றால், அவன் குதிரைக்குப் புல் அறுத்தவனின் குடிசையை எங்கே தேடுவது? இந்த ராஜேந்திரனின் நட்பை நாடிக் காம்போஜ அரசன் ஒரு தேரை அனுப்பினான் என்று கரந்தைச் செப்பேடு சொல்கிறது. அந்த அரசன் அங்கோரை ஆண்ட முதலாம் சூரியவர்மன் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். ஒரே தலைமுறையில் ஆண்ட இரண்டு அரசர்கள். இருவர் தலைநகரிலும் கோயில்தான் மிச்சம்.

பழைய நகரம் என்றதும் பள்ளிப் பாடப்புத்தகம் நம் மனதில் பதித்திருப்பது மொகஞ்சதாரோவின் படம். சுட்ட செங்கல் சுவர்கள், நேரான தெருக்கள், ஓரத்தில் சாக்கடை. இராக்கின் ஊருக் நகரத்தையும் அப்படித்தான் கற்பனை செய்கிறோம். வறண்ட நாடுகளில் மண்செங்கல் வீடு இடிந்தால் அதைத் தட்டிச் சமமாக்கி அதன் தலைமேலேயே அடுத்த வீடு கட்டுவார்கள். ஆயிரம் வருடம் இப்படியே போனால் ஊர் ஒரு குன்றாகிவிடும். அகழாய்வாளருக்கு அதைவிடக் கொண்டாட்டம் எது? குன்று தெரிகிறது, வெட்டினால் வீடு கிடைக்கிறது. நகரம் என்றால் மதில், நெருக்கம், தெரு என்று தொல்லியல் வகுத்துக்கொண்ட இலக்கணம் பெரும்பாலும் இந்த வறண்ட பூமிகளில் எழுதப்பட்டது. கம்போடியாவில் ஆறு மாதம் மழை கொட்டும். மரத்தூண், மூங்கில் தட்டி, ஓலைக்கூரை ஆகியவற்றால் கட்டிய வீட்டைக் கரையானும் ஈரமும் சேர்ந்து சில பத்தாண்டுகளில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். அந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கோரில் தேடியவர்கள், மதில் சூழ்ந்த அங்கோர் தோமைப் பார்த்ததும் 'இதோ நகரம்' என்று நிறுத்திக்கொண்டதில் வியப்பில்லை. ஏழாம் ஜெயவர்மன் கட்டிய சதுரம் அது. பக்கத்துக்கு 3 கிலோமீட்டர், மொத்தம் 9 சதுர கிலோமீட்டர். மதிலுக்கு வெளியே இருக்கும் அங்கோர் வாட்டும் மற்ற நூற்றுக்கணக்கான கோயில்களும் காட்டில் தனித்தனியே நிற்கும் புண்ணியத் தலங்கள் என்றாயின.

கண்ணுக்கு வீடு தெரியாவிட்டாலும் காதுக்குச் செய்தி இருந்தது. 1296இல் சீனத் தூதுக்குழுவோடு வந்த ஜோ தாகுவான் என்பவர் ஏறத்தாழ ஒரு வருடம் அங்கோரில் தங்கி, பார்த்ததை எல்லாம் எழுதிவைத்தார். எனக்கு மிகவும் பிடித்த சாட்சி இவர். அரண்மனையைப் பற்றிச் சொன்ன கையோடு, சாதாரண ஜனங்கள் கூரைக்கு ஓலைதான் போடலாம், ஒரு ஓடு வைக்கக்கூட அவர்களுக்குத் துணிவு வராது என்கிறார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குளம் உண்டு, இல்லாவிட்டால் இரண்டு மூன்று குடும்பத்துக்குப் பொதுவாக ஒன்று இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். இந்தக் குளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுநூறு வருடம் கழித்து அது சாட்சிக்கூண்டில் ஏறப்போகிறது.

இன்னொரு சாட்சி கல்வெட்டு. 1186ஆம் ஆண்டைச் சேர்ந்த தா புரோம் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒரு கணக்குப்பிள்ளையின் கறார்த்தனத்தோடு பேசுகிறது. அந்த ஒரு கோயிலுக்கு ஊழியம் செய்ய 3,140 கிராமங்கள், 79,365 பேர். அவர்களில் 12,640 பேருக்கு அங்கேயே தங்க உரிமை. நடனப் பெண்கள் மட்டும் 615. அந்தக் கோயிலின் வெளிச்சுவருக்குள் அடங்கும் இடம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம், 600 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான அகலம். அதற்குள் பன்னிரண்டாயிரம் பேரா? கல்வெட்டு எழுதியவர் அரசனைக் குளிர்விக்க ஒரு சைபரைக் கூட்டிவிட்டாரோ என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது. சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி, தரையைப் பார்ப்பது. தரைக்கு மேலே காடு இருந்தது.

காட்டை வெட்டாமல் தரையைப் பார்ப்பது எப்படி? கம்போடியாவில் உள்நாட்டுப் போர் விட்டுச்சென்ற கண்ணிவெடிகளும் இருந்தன. அங்கோருக்கு வடக்கே குலேன் மலைப் பக்கம் புதருக்குள் நடந்துபோய் அளப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. விமானப் படங்கள் 1930களிலேயே பயன்பட்டன. பிரெஞ்சு ஆய்வாளர் கிறிஸ்டோஃப் போத்தியே 1990களில் பழைய படங்களையும் நேரில் நடந்து பார்த்ததையும் வைத்து, அங்கோரின் தெற்கே வயல்வெளிகளில் நூற்றுக்கணக்கான பழைய மேடுகளையும் குளங்களையும் வரைபடத்தில் குறித்தார். பிறகு நாசாவின் ரேடார் படங்கள் வந்தன. சிட்னி பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் ஃபிளெட்சர், டேமியன் எவன்ஸ், போத்தியே முதலியோர் இவை அனைத்தையும் சேர்த்து 2007இல் ஒரு படம் வெளியிட்டார்கள். கால்வாயும் சாலையும் ஒன்றோடொன்று கோத்துக்கிடக்கும் அமைப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டருக்குப் பரவிக் கிடந்தது. தொழிற்புரட்சிக்கு முந்திய உலகில் இதைவிடப் பரந்த நகரத்தொகுதி தெரியவில்லை என்றார்கள். ஆனால் நடுவே, கோயில்களைச் சுற்றி அடர்ந்த காடு இருந்த இடத்தில், படம் வெறுமையாக இருந்தது. முக்கியமான இடத்திலேயே ஓட்டை.

அந்த ஓட்டையை அடைத்தது லிடார். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தமிழில் 'ஒளியளவி' என்று வைத்துக்கொள்ளலாம். உச்சிவெயிலில் புளியமரத்தடியில் நின்றிருப்பீர்கள். நல்ல நிழல்தான். ஆனாலும் தரையில் அங்கங்கே காசு காசாக வெயில் பொட்டுகள் விழுந்திருக்கும். இலைகளுக்கு நடுவே புகுந்து வரும் ஒளி அது. சூரிய ஒளிக்கு வழி இருக்கிறது என்றால் லேசர் ஒளிக்கும் இருக்கும். ஹெலிகாப்டரில் இருந்து நொடிக்குப் பல்லாயிரம் லேசர் துடிப்புகளைக் கீழே அடிப்பார்கள். பெரும்பாலானவை இலையில் பட்டுத் திரும்பும். சில கிளையில் படும். எங்கோ சில மட்டும் இடுக்கில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும். கிணற்றில் கல்லைப் போட்டு, 'குளுக்' என்று சத்தம் வர எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்து ஆழத்தைச் சொல்வோமே, அதே யோசனைதான். ஒளி போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை அளந்தால் தூரம் கிடைத்துவிடும். நேரம்தான் மிகச் சிறியது. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோநொடி. அதற்குள் ஒளி 30 சென்டிமீட்டர் போய்விடும். தரை 15 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் போக வரச் சேர்த்து ஒரு நானோநொடி குறையும். அந்த வித்தியாசத்தைக் கருவி பிடித்துவிடுகிறது. ஹெலிகாப்டர் அந்தக் கணத்தில் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதையும் ஜிபிஎஸ் முதலிய கருவிகள் கூடவே குறித்துக்கொண்டு வரும். அது இல்லாவிட்டால் அளந்த தூரமெல்லாம் வீண்.

இப்படிக் கிடைப்பது கோடிக்கணக்கான புள்ளிகள் மிதக்கும் ஒரு மேகம். 'புள்ளித்திரள்' எனலாம். இலைப் புள்ளி மேலே, தரைப் புள்ளி கீழே. இந்தத் திரளுக்கு அடியில் ஒரு மெல்லிய துணியை வைத்து மேல்நோக்கித் தூக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். துணி எந்தப் புள்ளிகளில் முதலில் முட்டி நிற்கிறதோ அவையே தரை. மற்றதையெல்லாம் கணினி கழித்துவிடும். ஒரு மரம் வெட்டாமல் காடு காணாமல் போய்விடும். 'வெறுந்தரைப் படம்' கையில் மிஞ்சும். அதையும் சும்மா பார்த்தால் ஒன்றும் புரியாது. சுவருக்குப் பூச்சு வேலை முடிந்ததும் அனுபவமுள்ள கொத்தனார் விளக்கைச் சுவரோரமாகப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். நேரே பார்த்தால் வழவழவென்று இருக்கும் சுவர், அப்போது ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் நிழலாகக் காட்டிக்கொடுத்துவிடும். வெறுந்தரைப் படத்துக்கும் கணினியில் இப்படித்தான் பக்கவாட்டு வெயில் அடிக்கிறார்கள்.

2012 ஏப்ரலில் டேமியன் எவன்ஸ் தலைமையில் இந்த அளவை நடந்தது. 370 சதுர கிலோமீட்டர். (எவன்ஸ் 2023இல் காலமானார். அங்கோரைப் பற்றி இன்று நாம் பேசுவதில் பாதிக்கு மேல் அவர் போட்ட கோடு.) படத்தைப் பார்த்தவர்கள் முதலில் கண்டது கட்டங்கள். அங்கோர் தோம் மதிலுக்குள் தெருக்கள் சதுரங்கப் பலகைபோல ஓடின. மதிலுக்கு வெளியேயும் அந்தக் கட்டங்கள் நிற்கவில்லை. திட்டமிட்டுப் போட்ட தெருக்கள் 9 சதுர கிலோமீட்டருக்குப் பதில் குறைந்தது 35 சதுர கிலோமீட்டருக்கு இருந்தன. அங்கோர் வாட்டின் அகழிக்குள், சுற்றுலாப் பயணிகள் இளநீர் குடித்துக்கொண்டு நடக்கும் மரத்தோப்புக்குள்ளேயே, தெருக்கட்டம். தா புரோமுக்குள்ளும் அப்படியே. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் முழங்கால் உயர மேடுகள் வரிசையாக. மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குளம்.

நம் ஊர் டெல்டாவைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சுற்றிலும் நஞ்சை, நடுவே கொஞ்சம் உயர்ந்த நத்தம். வெள்ளம் வந்தால் வயல் முழுகும், வீடு முழுகாது. கெமர் குடியானவர் செய்ததும் அதுதான். ஒரு பள்ளம் தோண்டினார். தோண்டிய மண்ணைப் பக்கத்தில் குவித்து அதன்மேல் வீடு கட்டினார். பள்ளத்தில் மழைக்காலத்து நீர் தேங்கிக் கோடைக்கும் உதவியது. ஒரே வேலையில் மனையும் குளமும். வீடு மக்கிவிட்டது, ஓலை மக்கிவிட்டது. குவித்த மண்ணும் தோண்டிய பள்ளமும் மட்டும் மக்கவில்லை. ஜோ தாகுவான் சொன்ன குடும்பக் குளம் இதுதான். இரண்டு மூன்று வீட்டுக்கு ஒன்று என்ற கணக்குக்கூடப் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. கல்லைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டு மண்ணில் குடியிருந்த மக்களைக் கல்லில் தேடிக்கொண்டிருந்தோம்.

மேட்டைப் பார்த்தால் போதுமா? அது வீடுதான் என்று எப்படி உறுதி? படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடப்பாரையும் கரண்டியும் இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஆலிசன் கார்ட்டர், மிரியம் ஸ்டார்க் முதலிய ஆய்வாளர்கள் கம்போடியக் குழுவினருடன் அங்கோர் வாட்டுக்குள் இருக்கும் சில மேடுகளைத் தோண்டினார்கள். தங்கம் கிடைக்கவில்லை. மண்பானைத் துண்டுகள், அடுப்புக்கரி, சீனப் பீங்கான் சில்லுகள், மேட்டைச் சமப்படுத்தப் போட்ட உடைகற்கள் இவைதான் கிடைத்தன. சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்தவர்களின் குப்பை. என்னைக் கேட்டால் இந்தக் கரித்துண்டுகளுக்கு முன்னால் ஐந்து கோபுரமும் இரண்டாம் பட்சம். கரியில் இருக்கும் கதிரியக்கக் கார்பன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்தால் அந்த அடுப்பு எந்த நூற்றாண்டில் எரிந்தது என்றும் தெரிந்துவிடும்.

இங்கேதான் லிடாரின் பெரிய குறை வெளியே வருகிறது. அதற்குக் காலம் தெரியாது. 600 வருடத்தில் தோண்டிய குளம் அத்தனையையும் ஒரே படத்தில் காட்டும். தினமும் போடும் கோலத்தை அழிக்காமல் அதன்மேலேயே அடுத்த நாள் கோலத்தையும் போட்டுக்கொண்டே வந்தால் மாதக் கடைசியில் வாசல் எப்படி இருக்கும்? அப்படி. அதில் எந்தப் புள்ளி எந்த நாளுடையது? எல்லா மேட்டையும் ஒரே நேரத்தில் குடியிருந்த வீடு என்று எண்ணினால் மக்கள்தொகை எங்கோ போய்விடும். 1970களில் பிரெஞ்சு ஆய்வாளர் பெர்னார் ஃபிலிப் குரோலியே, ஏரிப்பாசனத்தால் எவ்வளவு நெல் விளைந்திருக்கும் என்று கணக்குப் போட்டு அங்கோரில் 19 லட்சம் பேர் என்றார். பெரிய மனிதர் சொன்னதால் அந்த எண் வெகுகாலம் சுற்றிவந்தது.

காலத்தைப் பிரிக்க ஆய்வாளர்கள் கையாண்ட ஒரு வழியைச் சொல்ல வேண்டும். ஊர்ப்புற மேடுகள் பெரும்பாலும் ஒரு சிறு கோயிலைச் சுற்றியே இருக்கின்றன. கோயிலின் வயது தெரிந்தால் குடியிருப்பின் வயதும் ஓரளவு பிடிபடும். ஆனால் ஆண்டு குறித்த கல்வெட்டு எல்லாக் கோயிலிலும் இல்லை. சாரா கிளாசனும் கூட்டாளிகளும் காலம் தெரிந்த கோயில்களின் குணங்களைக் கணினிக்குக் கற்பித்தார்கள். என்ன கல், அகழி எப்படி, எந்தத் திசை பார்த்திருக்கிறது, சிற்பப் பாணி என்ன என்பவை போன்ற சேதிகள். புடவைக்கரையைப் பார்த்தே 'இது எழுபதுகளில் எடுத்தது' என்று சொல்லும் பாட்டியைப் போல, கணினி காலம் தெரியாத கோயிலைப் பார்த்துச் சுமார் அரை நூற்றாண்டு முன்பின்னாக அதன் வயதைச் சொன்னது. பாட்டி அளவுக்குத் துல்லியம் இல்லை, போகட்டும். ஆனால் நகரம் எந்த நூற்றாண்டில் எந்தப் பக்கம் வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள இது போதும்.

தோண்டிய வீடுகளின் அளவு, லிடார் காட்டிய மேடுகளின் எண்ணிக்கை, கல்வெட்டு, கோயில்களின் காலம் எல்லாவற்றையும் கூட்டி 2021இல் கிளாசன், கார்ட்டர் குழுவினர் வெளியிட்ட கணக்கு: 13ஆம் நூற்றாண்டில், உச்சத்தில் இருந்தபோது, அங்கோர் வட்டாரத்தில் 7 லட்சத்திலிருந்து 9 லட்சம் பேர். பரப்பு ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீட்டர்.

இப்போது ஒரு சின்ன வகுத்தல் போட்டுப் பாருங்கள். 9 லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும் சதுர கிலோமீட்டருக்கு 300 பேர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் சராசரி 555. காடு, மலை, பொட்டல் எல்லாம் சேர்த்த சராசரி அது! அதில் பாதியைச் சற்றே தாண்டும் இடத்தை நகரம் என்று சொல்வது எப்படி? நெருக்கியடித்த கிராமங்களின் கூட்டம் என்று சொல்லிவிட்டால் என்ன?

நியாயமான கேள்வி. ஃபிளெட்சர் இதற்குத் தந்த பதில்தான் இந்தத் துறையில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. நெருக்கம் குறைந்த, வேளாண்மையை உள்ளே வைத்துக்கொண்ட நகரம் என்று ஒரு தனி வகையே உண்டு என்றார் அவர். 'பரவல் நகரம்' என்று சொல்லலாம். நடுவே கோயிலும் அரண்மனையும் கட்டம்போட்ட தெருக்களும் கொண்ட நெருக்கமான மையம். அங்கே அர்ச்சகர், அதிகாரி, நடனக்காரர், கைவினைஞர். கால்வாய்க் கரைகளின் மேலும் சாலைகளின் இருபக்கமும் நீண்டுகொண்டே போகும் வீட்டு வரிசை. அதற்கும் அப்பால் வயல், குளம், மேடு, சிறு கோயில், மறுபடி வயல். இன்ன இடத்தில் நகரம் முடிந்தது, இங்கிருந்து கிராமம் என்று காட்ட எல்லைக்கல் ஏதும் இல்லை. ஆனால் தா புரோமின் கணக்கைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். மூவாயிரம் கிராமத்து நெல் ஒரு கோயிலின் களஞ்சியத்துக்கு வந்து, அங்கிருந்து பன்னிரண்டாயிரம் பேரின் தட்டுக்குப் போகிறது. ஊர்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. கணக்குப் புத்தகம் ஒன்று. அங்கோர் வாட்டில் சில ஆயிரம் பேர் குடியிருந்தார்கள் என்று மேடுகள் சொல்கின்றன. அவர்கள் யாரும் ஏர் பிடித்தவர்கள் அல்ல. இவ்வளவு பேருக்குச் சோறு போட முடிந்தது என்பதே இது நகரம் என்பதற்கு எனக்குப் போதுமான சான்று.

இந்த வகையில் அங்கோர் தனியாக இல்லை. இலங்கையின் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் ஃபிளெட்சர் இதே வரிசையில் வைக்கிறார். ஏரிகளும் விகாரைகளும் வயல்களுமாகப் பரவிய ஊர்கள் அவை; பொலன்னறுவை சோழர்கள் சில பத்தாண்டுகள் தங்கள் தலைநகராக வைத்துக்கொண்ட ஊர். மத்திய அமெரிக்காவில் மாயா மக்களின் நகரங்களும் இப்படியே. பெலீஸ் நாட்டுக் கரக்கோல் நகரை ஆர்லன் சேஸ், டயேன் சேஸ் தம்பதி 25 வருடம் காட்டில் நடந்து அளந்தது 23 சதுர கிலோமீட்டர். 2009இல் லிடார் விமானம் சில நாட்களில் 200 சதுர கிலோமீட்டரை அளந்துவிட்டது. கால்நூற்றாண்டு கொசுக்கடி பட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் மகிழ்ந்தார்கள் என்பதுதான் உண்மை.

இந்தப் பரவல் நகரங்கள் எல்லாம் ஈரமும் வறட்சியும் மாறிமாறி வரும் வெப்ப நிலங்களில் இருந்தவை. நெல்லோ மக்காச்சோளமோ, உணவை வெகுதூரம் சுமக்காமல் வீட்டோரத்திலேயே விளைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆறு மாதம் வெள்ளம், ஆறு மாதம் வறட்சி. ஆகவே பரவல் நகரத்தின் முதுகெலும்பு மதில் இல்லை, ஏரி. அங்கோரின் மேற்குப் பாராய் 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிக அகலம். பாராய் என்பது நாம் அறிந்த ஏரியிலிருந்து ஒரு விஷயத்தில் மாறுபடும். நம் ஏரிக்குச் சரிவான பக்கத்தில் கரை இருந்தால் போதும். மேட்டுப் பக்கம் நிலமே தடுத்துக்கொள்ளும். அங்கோர் நிலம் கிட்டத்தட்டத் தட்டை. அதனால் நான்கு பக்கமும் கரை போட்டு, தண்ணீரைத் தரைக்கு மேலே நிறுத்தினார்கள். தரையில் வைத்த தாம்பாளம் மாதிரி. முதலாம் சூரியவர்மன் காலத்தில் அந்தத் தாம்பாளம் உருவானபோதுதான் இங்கே ராஜேந்திரன் சோழகங்கத்தை வெட்டினான். வடக்கே குலேன் மலையிலிருந்து வரும் ஆற்றைத் திருப்பி, கால்வாய்களில் பிரித்து, பாராய்களை நிறைத்து, மிச்சத்தைத் தெற்கே தோன்லே சாப் ஏரிக்கு அனுப்பினார்கள். இன்று சியம் ரீப் ஆறு என்று ஓடுவதில் ஒரு பகுதி மனிதர் வெட்டிய கால்வாய்தான்.

நகரத்தை ஒன்றாகக் கட்டிய அந்தத் தண்ணீரே பிறகு அதன் பலவீனமும் ஆயிற்று. வியட்நாம் மலைகளில் இருக்கும் பழைய மரங்களின் ஆண்டு வளையங்களைப் பிரெண்டன் பக்லி குழுவினர் எண்ணினார்கள். மழை பெய்த வருடம் வளையம் தடிக்கும், பொய்த்த வருடம் மெலியும். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் பல பத்தாண்டுகள் தொடர்ந்த வறட்சி, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி வறட்சி, நடுநடுவே பேய்மழை என்று அந்த வளையங்கள் சொல்லின. தொடர் ஏரிகளைத் தெரிந்தவர்களுக்கு அடுத்தது என்ன என்று புரியும். வறட்சியில் கால்வாயைத் தூர்வாரிப் பராமரிக்கும் பழக்கம் விட்டுப்போகும். பிறகு ஒரே இரவில் பெருமழை. மேல் ஏரி உடைந்தால் அந்த வெள்ளமும் சேர்ந்து கீழ் ஏரியை உடைக்கும். அங்கோரில் கால்வாய்கள் சில இடத்தில் அரித்து ஆழமாகி, சில இடத்தில் மணல் மூடிப்போயின. ஸ்பியன் துமா என்ற பழைய கல்பாலத்தைப் போய்ப் பார்க்கலாம். பழைய கோயில் கற்களை எடுத்துக் கட்டியது. இப்போது ஆறு அதன் கண்களுக்குள் ஓடவில்லை. பக்கத்தில் ஆழமாக அறுத்துக்கொண்டு வேறு வழியில் ஓடுகிறது.

ஒருநாள் அண்டை அரசான அயுத்தியாவின் படை வந்தது, நகரம் அழிந்தது என்று பழைய புத்தகங்கள் 1431ஐக் குறிப்பிடும். சேற்றுக்கு வேறு கருத்து. டான் பென்னி குழுவினர் அங்கோர் தோம் அகழியின் அடிச்சேற்றைக் குழாயால் நீளவாக்கில் உருவி எடுத்தார்கள். மேலே புதிய சேறு, கீழே பழையது. ஒவ்வொரு அடுக்கிலும் இருக்கும் மகரந்தமும் கரித்தூளும், அந்தக் காலத்தில் சுற்றுப்புறம் எப்படி இருந்தது என்று சொல்லும். மனித நடமாட்டத்தின் அடையாளம் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே படிப்படியாகக் குறைந்திருக்கிறது. படை வருவதற்கு நூறு வருடம் முன்பே பெரிய மனிதர்கள் மெல்லக் கிளம்பத் தொடங்கிவிட்டார்கள். யாரும் வெளியே துரத்தவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை, தெற்கே புதிய துறைமுக வியாபாரம் இருந்த பக்கம் போய்விட்டார்கள்.

எல்லோரும் போய்விடவில்லை. அங்கோர் வாட்டுக்குள் தோண்டிய மேடுகளின் கரிக்காலம் இன்னொரு சேதியைச் சொன்னது. 11ஆம் நூற்றாண்டில் தொடங்கி, நடுவே ஒருமுறை வெறிச்சோடி, 14 அல்லது 15ஆம் நூற்றாண்டில் மறுபடி ஆட்கள் வந்து, 17-18ஆம் நூற்றாண்டு வரை அந்த மேடுகளில் குடியிருந்திருக்கிறார்கள். அரசன் போன பிறகும் யாரோ அதே மண்ணைக் கொஞ்சம் தட்டிச் சரிசெய்து அதே குளத்தில் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். 1860இல் பிரெஞ்சுப் பயணி ஆன்ரி மூஓ அங்கே வந்தபோது கோயிலடியில் பிக்குகளின் ஓலைக்குடிசைகள் இருந்தன. அவர் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தார், வரைந்தார், 'தொலைந்துபோன நகரம்' என்று ஐரோப்பா முழுக்கச் செய்தி பரவியது. குடிசைகள் நின்றது மேட்டின் மேல்.